ஆர்கோன் பெட்டிக்கு எந்தத் தகடு போடலாம்?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மர வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் ஒரு வரைபடத்தோடு வந்து ‘ஆர்கோன் அக்யூமுலேட்டர்’ என்ற பெட்டியைச் செய்து தரச் சொல்கிறார். இரண்டரை அடிக்கு இரண்டடி, ஐந்தடி உயரம். உள்பக்கம் துத்தநாகம் பூசிய தகடு, வெளிப்பக்கம் பலகை, நடுவில் கம்பளியும் ஸ்டீல் வுல் என்ற மெல்லிய இரும்பு இழைப் பஞ்சும் மாறி மாறி. உள்ளே ஸ்டூல் போட்டுத் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பில் சக்தி ஏறுமாம். கம்பளி விலை அதிகம், பதிலுக்கு என்ன போடலாம்? தகட்டுக்குப் பதிலாக அலுமினியம் ஆகுமா? கண்ணாடிப் பஞ்சு கூடாதா? இன்னொரு விஷயம். என் அக்காவுக்கு மூன்று மாதமாக மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. வலி இல்லை. ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுகிறார். மிச்சப் பொருளை வைத்து அவருக்கும் ஒரு பெட்டி செய்து கொடுக்கலாமா? வாடிக்கையாளர் இது கட்டியைக் கரைக்கும் என்கிறார்.

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் பெட்டி வேண்டாம். இந்த வாரமே அவரை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் மருத்துவன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கொதிகலனுக்கும் குளிர்பதன அறைக்கும் வெப்பக் காப்புப் போட்டவன். அந்தத் தொழில் தெரிந்தவனாகத்தான் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் பொருள்களை எப்படி அடுக்கினாலும் கட்டியைக் கரைக்கும் வேலை அவற்றிடம் இல்லை. அக்கா விஷயத்துக்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

இப்போது பெட்டி. இதைக் கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் ரைக். 1897-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்தவர். வியன்னாவில் மனோதத்துவ மேதை ஃப்ராய்டின் வட்டத்தில் இருந்த மனநல மருத்துவர். 1939-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வானிலும் மண்ணிலும் உடம்பிலும் ‘ஆர்கோன்’ என்று ஒரு சக்தி நிறைந்திருக்கிறது என்பது அவர் கட்சி. மரம், பஞ்சு, கம்பளி மாதிரி உயிர்ப்பொருளிலிருந்து வந்தவை அந்தச் சக்தியை இழுத்து வைத்துக்கொள்ளும், உலோகம் அதை இழுத்த வேகத்தில் தள்ளிவிடும், ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி உலோகத்தை உள்பக்கம் வைத்தால் சக்தி உள்ளே சேரும் என்றார். 1940-இல் முதல் பெட்டி தயாரானது. உங்கள் வாடிக்கையாளரின் வரைபடம் அதன் வாரிசு.

ஒரு சுவாரசியம் சொல்கிறேன். ரைக் வெளிப்பக்கத்துக்குப் போட்டது செலோடெக்ஸ் என்ற அட்டைப் பலகை. அது கரும்புச் சக்கையை அழுத்திச் செய்தது. நெல்லிக்குப்பம் ஆலைப் பக்கம் லாரி லாரியாகப் போகிறதே, அதே சக்கைதான். வெளிநாட்டிலிருந்து வந்த மர்மப் பொருள் எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. அன்றைய அமெரிக்கக் கட்டுமானக் கடையில் மலிவாகக் கிடைத்ததைக் கொண்டு செய்தது. ஆகவே ‘கம்பளிதான் வேண்டுமா’ என்று யாரையும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் போதும்.

கம்பளியில் தொடங்குவோம். வெப்பத்தைக் கடத்தும் திறனைப் பார்த்தால் கம்பளி, இலவம் பஞ்சு, தக்கை, கண்ணாடிப் பஞ்சு, தெர்மகோல் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். மீட்டர் கெல்வினுக்கு 0.04 வாட் பக்கம். காரணம், வேலை செய்வது நாரே இல்லை, நாருக்கு நடுவில் சிக்கிக்கொண்ட காற்று. இரும்பு 50 வாட் பக்கம், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல் கடத்தும். ஸ்டீல் வுல் இரும்புதான் என்றாலும் அதிலும் பெரும்பகுதி காற்று. ஆக, வரைபடத்தில் ‘கம்பளி, ஸ்டீல் வுல், கம்பளி, ஸ்டீல் வுல்’ என்று நாலு அடுக்கு எழுதியிருப்பதை நான் படிப்பது இப்படி: காற்று, காற்று, காற்று, காற்று. கனமான வெப்பக் காப்பு ஒன்று. ஐஸ் பெட்டிக்குச் செய்வதை உள்ளிருந்து வெளியாகத் திருப்பிப் போட்டது.

உள்பக்கத் தகடு இன்னொரு வேலை செய்கிறது. புதிதாகப் பளபளக்கும் ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, தன்மேல் விழும் வெப்பக் கதிரில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்குள் எரிய விட்ட மாதிரி. அந்தச் சூட்டைத் தகடு உங்கள் மேலேயே திருப்புகிறது, வெளியே போகப் பார்ப்பதைப் பஞ்சு தடுக்கிறது. பத்து நிமிஷத்தில் தோல் கதகதக்கும், நெற்றி வியர்க்கும், விரல் நுனி குறுகுறுக்கும். பெட்டிக்குள் உட்கார்ந்தவர்கள் ‘சக்தி ஏறுகிறது’ என்று சொல்வது இதைத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. உணர்ந்தது நிஜம். பெயர்தான் வேறு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1941 ஜனவரி 13-ஆம் தேதி ரைக், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனைப் போய்ப் பார்த்தார். பல மணி நேரம் பேசினார்கள். பெட்டிக்கு மேலே வெப்பநிலை அறையைவிடச் சற்று அதிகமாக இருக்கிறது, அதற்கு வேறு காரணம் கிடையாது என்பது ரைக்கின் வாதம். ஐன்ஸ்டைன் சிறிய பெட்டி ஒன்றை வாங்கி வைத்துத் தாமே அளந்து பார்த்தார். வித்தியாசம் வந்தது, அரை டிகிரிக்கும் குறைவாக. பிறகு உதவியாளர் ஒருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அறையில் கூரைப் பக்கக் காற்று தரைப் பக்கத்தைவிடச் சூடு, நடுவில் மேசைப் பலகை குறுக்கே நிற்கிறது, அதனால்தான் மேலும் கீழும் வேறுபடுகிறது. பெட்டி இல்லாமலே மேசைக்கு மேலும் கீழும் அளந்தால் அதே வித்தியாசம். பிப்ரவரி 7-ஆம் தேதி ஐன்ஸ்டைன் இதை எழுதி அனுப்பினார். ரைக் ஒப்புக்கொள்ளவில்லை, நீண்ட பதில் எழுதினார். உங்கள் ஊர்ப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் மே மாதம் ஏணி போட்டுப் பரண்மேல் ஏறிப் பாருங்கள். ஐன்ஸ்டைன் சொன்னது என்னவென்று தலை உச்சிக்கே தெரியும்.

சரி, கடிதத்தில் கேட்ட பொருள்கள்.

அலுமினியம் கூடாது, அது கெடுதல் என்று ரைக் சொல்லியிருக்கிறார், தாமிரத்தையும் சேர்த்து. வாடிக்கையாளரும் அதைச் சொல்லியிருப்பார். வெப்பக் கணக்கில் பார்த்தால் அலுமினியத் தாள் ஜி.ஐ. தகட்டைவிட நன்றாகவே கதிரைத் திருப்பும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை. கெடுதல் என்பதற்கு நான் கண்ட காரணம் ஒன்றுமில்லை. ஆனால் வேறு காரணத்துக்காக நானும் வேண்டாம் என்பேன். நம் கடலோரத்தில் அலுமினியத்தையும் இரும்பையும் ஒட்ட வைத்தால், நடுவில் உப்பு ஈரம் இறங்கி அலுமினியம் அரித்துப்போகும். முத்தியால்பேட்டையிலிருந்து கடல் எத்தனை தூரம்? ஒரு மழைக்காலம் தாங்காது.

ஸ்டீல் வுல் எனக்குப் பிடிக்காத பொருள். இந்த ஊர்க் காற்றில் மாசக்கணக்கில் வைத்தால் செம்மண் மாதிரி உதிரும். அது போகட்டும். மெல்லிய ஸ்டீல் வுல் தீப்பிடிக்கும் என்பது பல பேருக்குத் தெரியாது. ஒன்பது வோல்ட் பேட்டரியின் முனையைத் தொட வைத்தாலே கனன்று பரவும். பக்கத்தில் இலவம் பஞ்சும் பலகையும். அதற்குள் ஒரு மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாடிக்கையாளர் அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பெட்டிக்குள் விளக்கு, மின்விசிறி, சார்ஜர் எதற்கும் ஒயர் இழுக்காதீர்கள். ஊதுபத்தியும் கூடாது. தகட்டுப் பெட்டிக்குள் மின்சாரம் கசிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிப் பஞ்சு நன்றாகக் காக்கும், எரியாது. ஆனால் மூடாமல் விட்டால் தூள் பறந்து தோலும் தொண்டையும் அரிக்கும். எனக்கு அதனோடுதான் வாழ்க்கை போனது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைப்பாள் என் மனைவி. ஆள் உட்காரும் பெட்டிக்கு வேண்டாம். கம்பளிக்குப் பதிலாகத் தென்னை நார்ப் பலகை போடலாம். மலிவு, ஈரம் தாங்கும், பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது. இலவம் பஞ்சு மிருதுவாக இருக்கும், ஆனால் நெருப்பு என்றால் நொடியில் பற்றும். பழைய கம்பளிப் போர்வை கிடைத்தால் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். கம்பளி தானாக அவ்வளவு சுலபத்தில் எரியாது என்பது அதன் பெரிய நற்குணம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ அதன் துண்டோ சும்மா கிடைத்தாலும் தொடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது வருஷம் கழித்து வேலையைக் காட்டும்.

வெளிப்பலகைக்கு நல்ல பிளைவுட் போதும். சட்டத்துக்குப் பலா கிடைத்தால் நன்று. பண்ருட்டிப் பக்கம் 2011 டிசம்பர் ‘தானே’ புயலில் விழுந்த மரங்களில் அறுத்து வைத்த பலகைகள் எங்கள் தெருவில் இன்னும் கட்டிலாகவும் பீரோவாகவும் நிற்கின்றன, ஒரு புழு வைக்கவில்லை.

ஜி.ஐ. தகடு 26 கேஜ் எடுங்கள், அரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு வேண்டும். ஒரு ஷீட் பன்னிரண்டு கிலோ வரும், ஆகவே கீல் மூன்றாகப் போடுங்கள். தகட்டுக்கு நேரே ஈரப் பஞ்சு ஒட்டியிருந்தால் வெள்ளைத் துரு பூக்கும், பளபளப்புப் போகும். நடுவில் ரீப்பர் கட்டை வைத்து விரலகலம் இடைவெளி விடுங்கள். அப்புறம் ஒன்று, முக்கியமானது: தகட்டை வெல்டிங் செய்யாதீர்கள். கத்தரியால் வெட்டி, ஓரத்தை மடித்து, பாப் ரிவெட் அடியுங்கள். துத்தநாகம் எரிந்தால் வெள்ளைப் புகை வரும். இளவயதில் ஒரு வேலையிடத்தில் காற்றுக் குழாய் வெல்டிங்குக்கு அருகில் ஒரு பகல் முழுக்க நின்றேன். ராத்திரி மலேரியா மாதிரி நடுக்கம், வாயெல்லாம் உலோகக் கசப்பு. மேஸ்திரி பால் குடி என்றார். பால் குடித்ததால் சரியானதா, மறுநாள் தானாகச் சரியாகும் காய்ச்சல் என்பதால் சரியானதா என்றால், இரண்டாவதுதான். ஆனால் மேஸ்திரி கடைசி வரை பாலைத்தான் நம்பினார். ஆர்கோன் பெட்டியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பால் டம்ளர் ஞாபகம் வரும்.

காற்று. வரைபடத்தின் அளவுக்குப் பெட்டியின் உள்ளே சுமார் 700 லிட்டர் இடம், ஆள் அடைத்தது போக 640. சும்மா உட்கார்ந்திருப்பவர் மணிக்குப் பதினைந்து லிட்டர் வாக்கில் கரியமில வாயு விடுவார். இடுக்கு இல்லாமல் அடைத்தால் அரை மணியில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டும், வெளிக்காற்றில் இருப்பதைப் போல முப்பது மடங்கு. தலை கனக்கும், தூக்கம் சொக்கும். அந்த மயக்கத்தையும் ‘ஆழ்ந்த நிலை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடியவர்கள் இருக்கிறார்கள். ரைக்கின் பெட்டியிலேயே கதவில் முகத்துக்கு நேரே திறப்பு உண்டு. வரைபடத்தில் அது இல்லையென்றால் நீங்கள் வையுங்கள், அடியிலும் மேலும் இரண்டு துளை விடுங்கள்.

சூடு அதைவிடப் பெரிய கவலை. ரைக் பெட்டியைச் செய்தது அமெரிக்காவின் வடகிழக்குக் குளிரில். மெய்ன் மாநிலத்தில் அந்தக் கதகதப்பு சுகம். புதுச்சேரியில் சித்திரை வெயில், கடற்காற்று நின்ற மத்தியானம், வியர்வை காயாத ஈரம். அதில் இந்தப் பெட்டிக்குள் அரை மணி என்பது வயதானவருக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கும் ஆபத்து. கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் வெளியே வேண்டாம், உள்ளேயும் வேண்டாம், காந்தப் பிடிப்பு ஒன்று போதும். தெருக் குழந்தைகள் ஒளிந்து விளையாடும் இடம் இப்படித்தான் இருக்கும்.

கல்பாக்கம் அருகில் இருப்பதால் பெட்டி கெட்டுவிடுமா என்று வாடிக்கையாளர் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். 1951-இல் ரைக் ரேடியத்தைப் பெட்டியில் வைத்துச் சோதனை செய்து, எல்லாருக்கும் உடம்பு சரியில்லாமல் போனது என்று எழுதினார். அதிலிருந்து அவர் வழிவந்தவர்கள் அணு உலைக்குப் பக்கத்தில் பெட்டி கூடாது என்பார்கள். தகடும் பலகையும் தூரத்தில் இருக்கும் உலையைப் பார்த்துக் குணம் மாறாது. அந்த வாதத்துக்கு நேரம் செலவழிக்காமல் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கே சந்தேகம் தீர வேண்டுமென்றால் மிச்சத் துண்டில் ஓரடிப் பெட்டி இரண்டு செய்யுங்கள். ஒன்று வரைபடப்படி. இன்னொன்றில் வெறும் பிளைவுட், நடுவில் அதே கனத்துக்குத் தெர்மகோல். வெளியில் ஒரே பெயிண்ட். இரண்டிலும் ஒரே கம்பெனி டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஒரே அலமாரித் தட்டில் வைத்து, தினமும் இடம் மாற்றி, எது எந்தப் பெட்டி என்று தெரியாத பையன் ஒருவனைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம். செலவு ஐந்நூறு, ஆயிரம் ஆகும். வாடிக்கையாளரையும் கூப்பிட்டுக் காட்டலாம், அவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

வாடிக்கையாளருக்கு மரச் சாமான் என்று பில் போட்டுச் செய்து கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பட்டறை வாசலில் ‘புற்றுக்கு, சர்க்கரைக்கு’ என்று போர்டு வைக்கும் யோசனை யாராவது கொடுத்தால் காதில் வாங்காதீர்கள். நம் நாட்டில் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் இருக்கிறது, அந்த நோய்கள் இரண்டும் அதன் பட்டியலில் உண்டு. அந்தச் சட்டம் வந்தது 1954-இல். அதே 1954-இல்தான் அமெரிக்க நீதிமன்றம் ரைக்கின் பெட்டிகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. அவர் மதிக்கவில்லை. 1956-இல் பெட்டிகளை உடைத்தார்கள், டன் கணக்கில் அவர் புத்தகங்களை எரித்தார்கள். தடையை மீறியதற்காகச் சிறைக்குப் போனவர், 1957 நவம்பரில் அங்கேயே இறந்தார். புத்தகத்தை எரித்தது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்காகப் பெட்டி வேலை செய்யும் என்று ஆகிவிடாது.

அக்கா விஷயம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. ஆனால் எது எது என்று தொட்டுப் பார்த்தோ வலியை வைத்தோ வீட்டில் சொல்ல முடியாது. வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் கையால் பார்ப்பார், ஸ்கேன் அல்லது மேமோகிராம் எடுப்பார், தேவைப்பட்டால் ஊசியால் துளி எடுத்துச் சோதிப்பார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று எங்கள் தெருவிலும் சொல்வார்கள். எங்கள் உறவில் ஒரு பெண்மணி அதை நம்பி, ஒரு வருஷம் பச்சிலை அரைத்துக் கட்டினார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கை வீங்கியிருந்தது. ஆரம்பத்திலேயே பார்த்தால் மார்பகப் புற்றுக்கூட நன்றாகக் குணமாகிற நோய். கட்டி புற்று இல்லையென்றால் அக்காவின் மூன்று மாசத் தூக்கம் திரும்ப வரும்.

பெட்டி வேலை ஒரு நாள் தள்ளிப்போகட்டும். கோரிமேட்டு ஜிப்மரில் புறநோயாளிச் சீட்டுக்குக் கூட்டம் அதிகம், விடிந்ததும் கிளம்புங்கள். அக்காவின் ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், குடிக்கத் தண்ணீர், இரண்டு இட்லி கட்டிக்கொள்ளுங்கள். அண்ணியோ பக்கத்து வீட்டு அம்மாவோ ஒரு பெண் துணை கூட வரட்டும். பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டால் சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.